மாங்கன்றுக்கு ஜாதகம் பார்க்க முடியுமா? ஒரு இலை போதும் என்கிறது மைக்ரோசாட்டிலைட்

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டிலோ காரிமங்கலத்திலோ ஒருவர் ஒரு ஏக்கரில் மா வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறைப்படி பத்து மீட்டர் இடைவெளி விட்டால் 40 கன்று பிடிக்கும். எல்லாம் ஒட்டுக்கன்று. குழி எடுத்து, எரு போட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, கோடையில் டேங்கர் தண்ணீர் வாங்கி ஊற்றி நான்கைந்து வருஷம் காப்பாற்றுகிறார். முதல் காய் திரளும்போதுதான் தெரிகிறது, அல்போன்சா என்று சொல்லி வாங்கிய கன்றுகளில் ஏழெட்டு வேறு ஏதோ ஒன்று. கன்று விற்றவரிடம் போய்க் கேட்டால், "அப்பவே பார்த்து வாங்கியிருக்கணும்ங்க" என்பார். அப்போது எதைப் பார்ப்பது? ஒன்றரை அடி உயரத்தில் எல்லா மாங்கன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

அனுபவசாலிகள் இலையைக் கசக்கி மோந்து பார்த்து ரகம் சொல்வார்கள். கிண்டல் இல்லை, மா ரகங்களை விவரிக்கும் அதிகாரபூர்வப் பட்டியலிலேயே இலையின் வாசனை ஒரு அடையாளமாக இருக்கிறது. ஆனால் அந்த மூக்கு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நஷ்டஈடு கேட்கும் இடத்தில் மூக்கு சொன்னதைச் சாட்சியாக வைக்கவும் முடியாது.

அதே இலைக்குள் இன்னொரு சாட்சி இருக்கிறது. அதன் பெயர்தான் மைக்ரோசாட்டிலைட்.

ராக்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை

பெயரைப் பார்த்து இஸ்ரோவைத் தேட வேண்டாம். இது டிஎன்ஏ-வுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பகுதி. ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கியதுதான் டிஎன்ஏ. மாமரத்தில் இந்த எழுத்துகள் சுமார் 40 கோடி. இந்த நீளமான எழுத்துவரிசையில் சில இடங்களில் மட்டும் இரண்டு மூன்று எழுத்துகள் சேர்ந்து திரும்பத் திரும்ப வரும். ஜிஏ, ஜிஏ, ஜிஏ, ஜிஏ... என்று போய்க்கொண்டே இருக்கும்.

தமிழ் இலக்கணத்தில் சலசல, கலகல என்று வருவதை இரட்டைக்கிளவி என்று படித்திருப்போம். அங்கே இரண்டு முறையோடு நின்றுவிடும். டிஎன்ஏ-வின் கிளவி பன்னிரண்டு முறை வரலாம், பதினெட்டு முறை வரலாம், முப்பதைத் தாண்டியும் போகலாம். எத்தனை முறை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நீலம் மரத்தில் ஓர் இடத்தில் ஒரு எண்ணிக்கை, மல்கோவாவில் அதே இடத்தில் வேறு எண்ணிக்கை.

ஏன் வேறுபடுகிறது? செல் இரண்டாகப் பிரியும்போது டிஎன்ஏ மொத்தத்தையும் பிரதி எடுக்க வேண்டும். பள்ளியில் இம்போசிஷன் எழுதியவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரே வரியை நூறு தடவை எழுதும்போது 99 எழுதினோமா 101 எழுதினோமா என்று யாருக்கும் நிச்சயம் இருக்காது. செல்லுக்கும் அப்படித்தான். ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் நகலெடுக்கும் என்சைம் வழுக்கி, ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடுகிறது. டிஎன்ஏ-வின் மற்ற இடங்களில் ஓர் எழுத்து பிசகுவதைவிட இங்கே பிசகுவது பல ஆயிரம் மடங்கு அதிகம். பெரும்பாலும் இவை எந்தப் புரதத்துக்கும் குறிப்பு எழுதாத இடங்கள் என்பதால், பிசகினாலும் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பிசகு அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போய்விடும்.

தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த இந்தப் பிசகுகள் இன்று அடையாள அட்டை. 'மைக்ரோசாட்டிலைட்' என்ற பெயர் 1989-ல் வந்தது. மனிதர்களிடம் தந்தை யார் என்று கண்டுபிடிக்கவும், குற்றவாளியை அடையாளம் காணவும் தடய அறிவியல் கூடங்கள் பார்ப்பதும் இதே வகை இடங்களைத்தான்.

ஆய்வகத்தில் என்ன நடக்கும்?

இளம் இலை ஒன்றை எடுத்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்துப் பொடியாக்குகிறார்கள். மா இலையில் பிசினும் துவர்ப்புப் பொருள்களும் அதிகம் என்பதால் சுத்தமான டிஎன்ஏ பிரிப்பது கொஞ்சம் வம்பு பிடித்த வேலை. அதற்கென்று ரசாயனக் கரைசல்கள் இருக்கின்றன.

அடுத்தது பிசிஆர். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த டெஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? அதே தொழில்நுட்பம்தான். தேவையான இடத்தின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்ளும் பிரைமர்களைப் போட்டால், நடுவில் இருக்கும் பகுதி மட்டும் இரட்டித்துக்கொண்டே போகும். முப்பது சுற்று முழுசாக இரட்டித்தால் ஒரு துண்டு 107 கோடித் துண்டுகளாகிவிடும். பிறகு அந்தத் துண்டின் நீளத்தை அளக்கிறார்கள். நீளம் தெரிந்தால் எத்தனை தடவை ஜிஏ வந்தது என்பது தெரிந்துவிடும்.

ஒவ்வோர் இடத்திலும் ஒரு மரத்துக்கு இரண்டு எண்கள் கிடைக்கும். ஒன்று தாய் கொடுத்தது, மற்றொன்று தந்தை கொடுத்தது. ஓர் இடத்தை வைத்து மட்டும் எதையும் சொல்லிவிட முடியாது. சம்பந்தமில்லாத இரண்டு மரங்கள் ஓர் இடத்தில் தற்செயலாக ஒத்துப்போக ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து இடங்களைப் பார்த்தால் அந்த வாய்ப்பு 97,65,625-ல் ஒன்றாகச் சுருங்கிவிடும். அதனால்தான் ஆய்வாளர்கள் பத்து, இருபது இடங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

இந்த இரண்டு எண் கணக்கில்தான் பெற்றோர் யார் என்பதும் வெளியே வருகிறது. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் (ஐஏஆர்ஐ) உருவாக்கிய மல்லிகா ரகம், நம்ம ஊர் நீலத்தையும் வடக்கத்தி தசேரியையும் கலந்து வந்தது. விளக்கத்துக்காக எண்களைப் போட்டுப் பார்ப்போம். நீலத்தில் 12, 18. தசேரியில் 15, 20 என்றால், மல்லிகாவில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று இருந்தாக வேண்டும். 12-ம் 20-ம் என்றால் சரி. 12-ம் 18-ம் என்று வந்தால் அது நீலமும் தசேரியும் கலந்த பிள்ளை இல்லை.

ஆனால் யார் தாய், யார் தந்தை என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. அதே ஐஏஆர்ஐ-யின் ஆம்ரபாலி தசேரியைத் தாயாகவும் நீலத்தைத் தந்தையாகவும் வைத்து உருவானது. மல்லிகாவில் இது தலைகீழ். அதைப் பிரித்தறிய, பெரும்பாலான செடிகளில் தாய் வழியாக மட்டுமே வரும் பசுங்கணிகத்தின் டிஎன்ஏ-வைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மியாமியில் சிக்கிய 6 சதவீதம்

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காயா, கறிக்கு உதவுமா? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்த ஒரு வேலையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். அந்தக் கதையில் தர்மபுரிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

மியாமியில் அமெரிக்க வேளாண் துறை ஒரு பெரிய மா சேகரிப்பை வைத்திருக்கிறது. ஒவ்வொரு மரத்துக்கும் எண், பதிவேடு, பலகை எல்லாம் உண்டு. அந்த மரங்களையும் பக்கத்தில் உள்ள ஃபேர்சைல்டு தாவரவியல் தோட்டத்து மரங்களையும் 25 மைக்ரோசாட்டிலைட் இடங்களில் சோதித்த ஆய்வு 2006-ல் வெளியானது. தவறான பெயர்ப்பலகை மாட்டியவை, தவறாக ஒட்டுக் கட்டியவை எல்லாம் சேர்த்து 6.13 சதவீதம் பிழை என்று கணக்கிட்டார்கள். அரசு ஆராய்ச்சிப் பண்ணையிலேயே நூற்றுக்கு ஆறு. பலகையும் பதிவேடும் இல்லாத ஒரு தாய்மரத் தோப்பிலிருந்து குச்சி வெட்டி, ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் ஒட்டுக் கட்டும் இடத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இத்தனைக்கும் இதில் யாரும் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இரண்டு கட்டுக் குச்சி மாறிப் போனால் போதும்.

அதே ஆய்வு 64 ஃபுளோரிடா ரகங்களின் நான்கு தலைமுறைக் குடும்ப மரத்தையும் தேடியது. உலகச் சந்தையில் கொடிகட்டிப் பறக்கும் டாமி அட்கின்ஸ், கென்ட், கீட் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. இவ்வளவு பெரிய குடும்பத்துக்கு மூலமாக இருந்தவை நான்கே நான்கு இந்திய ரகங்களும், அங்கே ஏற்கெனவே இருந்த டர்பென்டைன் என்ற நாட்டு மாவும்தான் என்று தெரியவந்தது. அந்த இந்திய மூதாதைகளில் ஒன்றின் பெயர் சாண்டர்ஷா. கென்டுக்கும் கீட்டுக்கும் தாய்வழியான புரூக்ஸ் ரகம் இந்த சாண்டர்ஷாவின் கொட்டையிலிருந்து வந்தது.

சாண்டர்ஷா யார்? தோத்தாபுரிக்கு உள்ள பல பெயர்களில் அதுவும் ஒன்று. தோத்தாபுரியைத்தான் பெங்களூரா என்கிறார்கள், ஆந்திராவில் கலெக்டர் என்கிறார்கள், நம் பக்கம் கிளிமூக்கு என்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் பார்க்கும் இடமெல்லாம் தொங்குகிறதே, அதேதான். உப்பும் மிளகாய்த்தூளும் தடவிப் பள்ளிக்கூட வாசலில் விற்கும் அந்தக் காயின் வம்சம்தான் அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது.

ஒரே மரத்துக்கு ஐந்து பெயர் என்பது ஒரு சிக்கல் என்றால், ஐந்து மரத்துக்கு ஒரே பெயர் என்பது அதைவிடப் பெரிய சிக்கல். ஃபுளோரிடாவுக்கு 1889-ல் இந்தியாவிலிருந்து போன முல்கோபாவும், சேலத்துச் சந்தையில் உருண்டையாக விற்கும் மல்கோவாவும் பெயரில் அண்ணன் தம்பி. பெயர் ஒத்துப்போவதால் மட்டும் மரம் ஒன்றாகிவிடாது. இதுபோன்ற இடங்களில் எண்களை ஒப்பிடுவதுதான் ஒரே வழி. திராட்சையில் இப்படித்தான் ஒரு பழைய புதிர் அவிழ்ந்தது. உலகப் புகழ்பெற்ற கேபர்னே சாவின்யோன் என்ற கறுப்புத் திராட்சை, கேபர்னே ஃப்ரான்க் என்ற கறுப்புக்கும் சாவின்யோன் பிளாங் என்ற வெள்ளைக்கும் பிறந்தது என்று 1997-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜான் பவர்ஸ், கரோல் மெரிடித் இருவரும் மைக்ரோசாட்டிலைட் வைத்தே நிரூபித்தார்கள்.

ஆயிரம் ஏக்கர், ஒரே மரம்

அடையாளம் ஒரு பக்கம். இந்த மார்க்கர்களின் இன்னொரு முக்கிய வேலை, ஒரு வட்டாரத்தில் எவ்வளவு மரபணுப் பன்மை மிச்சம் இருக்கிறது என்று அளப்பது. ஓர் இடத்தில் எத்தனை வேறு வேறு எண்கள் வருகின்றன, ஒரு மரத்துக்குள்ளேயே இரண்டு எண்களும் வேறாக இருப்பது எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். எண்கள் அதிகம் என்றால் கையிருப்பு அதிகம்.

தர்மபுரியில் இரண்டு பழமரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். ஒன்று மா, இன்னொன்று புளி.

மாவை ஒட்டுக் கட்டுகிறோம். ஏன்? கொட்டை போட்டால் தாய் மாதிரி வராது என்பது ஊரறிந்த விஷயம். பெரும்பாலான இந்திய ரகங்களின் கொட்டையில் ஒரே கரு; அது தாயும் தந்தையும் கலந்த புதுப் பிள்ளை. (கேரளத்து ஓலூர், வெள்ளைக்கொளம்பான் போன்றவை விதிவிலக்கு. அவற்றின் கொட்டையில் பல கருக்கள். பெரும்பாலானவை தாயின் நகல். அதனால்தான் அவற்றை ஒரே சீரான வேர்ச்செடிக்குப் பயன்படுத்துகிறார்கள்.) ஒட்டுக் கட்டும்போது கிடைப்பது நகல். பாலக்கோட்டில் நிற்கும் கிளிமூக்கும் சித்தூரில் நிற்கும் கிளிமூக்கும் உண்மையில் என்றோ முளைத்த ஒரே மரத்தின் கிளைகள். ஆயிரம் ஏக்கர் இருந்தாலும் மரபணுக் கணக்கில் அது ஒரு மரம்.

அந்த ஒரு மரத்துக்கு ஆகாத பூச்சியோ நோயோ வந்தால் ஆயிரம் ஏக்கருக்கும் ஆகாது. பூக்கும் நேரமும் ஒன்று, காய் முற்றும் நேரமும் ஒன்று. நாட்டின் மாங்கூழ் ஆலைகளில் முக்கியமான இரண்டு தொகுப்புகள் சித்தூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கின்றன. அவை வாங்குவது பெரும்பாலும் தோத்தாபுரியும் அல்போன்சாவும்தான். 2004 பிப்ரவரி வரை கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டமாகவே இருந்தது. மாவட்டம் பிரிந்தாலும் மாந்தோப்பும் ஆலையும் ஒரே பிழைப்பு. 2025 கோடையில் தோத்தாபுரி விலை விழுந்தபோது மூன்று மாநில விவசாயிகளும் ஒரே வாரங்களில் அடிபட்டார்கள். வெளிமாநிலக் காய் உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட, கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது. விலைச் சரிவுக்கு மரபணுவா காரணம் என்றால் இல்லை. ஆலை, ஏற்றுமதி, தேங்கிய சரக்கு என்று பல காரணங்கள். ஆனால் எல்லோர் கையிலும் ஒரே நாளில் ஒரே காய் இருந்தது என்பதும் நிஜம்.

புளி நேர்மாறு. சாலையோரம், ஏரிக்கரை, காட்டு வரப்பு என்று நிற்கும் புளியமரங்கள் பெரும்பாலும் விதையில் முளைத்தவை. பக்கத்து மரத்து மகரந்தத்தில் காய்ப்பவை. அதனால் ஒவ்வொரு மரமும் தனி ஜாதகம். ஒன்று நாரும் ஓடுமாக இருக்கும், அடுத்தது சதைப்பற்றோடு நீளமாகக் காய்க்கும். அப்படி ஊரார் கண்ணில் பட்டுப் பெயர் பெற்றதுதான் உரிகம் புளி. அந்த உரிகமும் பழைய தர்மபுரி மாவட்டத்தின் மலையோரக் கிராமம். சாலை விரிவாக்கத்துக்காக ஒரு பழைய புளியமரத்தை வெட்டும்போது போவது இன்னொரு நகல் இல்லாத ஒரு மரம். பத்து மரம் நட்டுக் கணக்கை நேர் செய்துவிட்டதாகச் சொல்வது நிழலுக்குப் பொருந்தும், மரபணுவுக்குப் பொருந்தாது.

மாவிலும் இப்படிப்பட்ட கையிருப்பு உண்டு. கொல்லையிலும் வரப்பிலும் யாரும் பெயர் வைக்காமல் நிற்கும் கொட்டை மரங்கள்தான் அவை. ஊறுகாய்க்கு ஒரு மரம், பிஞ்சிலேயே உப்பில் போட ஒரு மரம் என்று வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும். பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் நாடு முழுவதிலும் இருந்து 387 மா மாதிரிகளை 14 மைக்ரோசாட்டிலைட் இடங்களில் சோதித்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். தெற்கும் மேற்கும் சேர்ந்து ஒரு கூட்டம், வடக்கும் கிழக்கும் சேர்ந்து இன்னொரு கூட்டம் என இந்திய மாக்கள் பிரிந்து நின்றன. நீலத்தையும் தசேரியையும் கலந்தது ஏன் பலன் தந்தது என்பதற்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. தூரத்துச் சொந்தத்தில் சம்பந்தம் வைத்தார்கள்.

எதைச் சொல்லாது?

இந்த டெஸ்ட் செய்தால் பழம் இனிக்குமா என்று தெரியுமா? தெரியாது. மைக்ரோசாட்டிலைட் அடையாள அட்டைதான், மார்க் ஷீட் இல்லை. சுவை, நோய் எதிர்ப்பு, மகசூல் எதையும் அது நேரடியாகச் சொல்லாது.

ஒரே மரத்தின் கிளையில் திடீரென்று வரும் மாற்றத்தையும் பெரும்பாலும் அது பிடிக்காது. செவ்வாழைத் தோட்டத்தில் ஒரு தார் மட்டும் பச்சையாக வருவதைச் சிலர் பார்த்திருக்கலாம். திராட்சையில் பினோ நுவார் கறுப்பு, பினோ பிளாங் வெள்ளை. கண்ணுக்கு இரண்டும் வேறு, மைக்ரோசாட்டிலைட்டுக்கு இரண்டும் ஒன்று. நிறத்துக்கான மரபணுவில் நடந்த மாற்றம் இந்த இடங்களில் தெரியாது.

முக்கியமான இன்னொன்று: ஒப்பிட ஏதாவது இருந்தால்தான் பயன். ஒரு இலையை அனுப்பினால் எண்கள் வரும். அந்த எண்கள் அல்போன்சாவுடையதா என்று சொல்ல, சந்தேகமில்லாத அல்போன்சாவின் எண்கள் கையில் வேண்டும். தாய்மரங்களின் பட்டியல் இல்லாத இடத்தில் இந்தத் தொழில்நுட்பம் பாதிக் கிணறுதான்.

இப்போது தனித்தனி எழுத்து வேறுபாடுகளை லட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் படிக்கும் முறைகள் வந்துவிட்டன. அல்போன்சாவின் முழு மரபணுத் தொகுப்பே 2020-ல் வெளியானது. மைக்ரோசாட்டிலைட் பழைய ஆள் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் 'இது அந்த ரகமா, இல்லையா' என்ற ஒற்றைக் கேள்விக்குப் பத்துப் பன்னிரண்டு இடம் போதும். அதற்கு இதைவிடப் பெரிய கருவி தேவையில்லை.

வாழைக்கு உண்டு, மாவுக்கு?

திசு வளர்ப்பு வாழைக்கன்று வாங்குபவருக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-ல் தொடங்கிய சான்றளிப்பு முறையில், கன்றுகள் வைரஸ் இல்லாதவையா, தாய்ச் செடியோடு மரபணு ஒத்துப்போகிறதா என்று ஆய்வகத்தில் பார்த்துத்தான் சான்று தருவார்கள். மரபணுச் சோதனைக்கு இதுபோன்ற மார்க்கர்கள்தான் பயன்படுகின்றன. மூன்று வருஷத்துக்குள் தோட்டத்தை மாற்றிவிடக்கூடிய வாழைக்கு இது இருக்கிறது. ஐம்பது வருஷம் நிற்கப்போகும் மாங்கன்றுக்கு அப்படி ஒரு கட்டாய டிஎன்ஏ சோதனை இல்லை என்பது விசித்திரம்தான். தேசியத் தோட்டக்கலை வாரியம் நர்சரிகளுக்குத் தரும் அங்கீகாரம் விரும்புபவர்கள் வாங்கிக்கொள்வது.

ஒவ்வொரு கன்றையும் சோதிக்க வேண்டும் என்பதில்லை. அது கட்டுப்படியும் ஆகாது. குச்சி வெட்டும் தாய்மரங்களை ஒரு தடவை சோதித்து எண்களைப் பதிந்து வைத்தால், பிறகு சந்தேகம் வரும்போது மட்டும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக் கொல்லையில் அபூர்வமான கொட்டை மரம் வைத்திருப்பவருக்கும் இதில் வேலை இருக்கிறது. 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, விவசாயி தன் ரகத்தைத் தன் பெயரில் பதிய விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. மா அந்தப் பட்டியலில் இருக்கிறது. இலை, பூ, காய் ஆகியவற்றின் தனித்தன்மையை வைத்துத்தான் பதிவு என்றாலும், 'இது ஏற்கெனவே உள்ள ரகம்தானே' என்று யாராவது கேட்டால் டிஎன்ஏ எண்கள் கைகொடுக்கும். கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில் தாவர மூலக்கூறு உயிரியல் மையம் இருக்கிறது. டெல்லியின் தேசியத் தாவர மரபணு வளப் பணியகம் ரகங்களுக்கு டிஎன்ஏ கைரேகை எடுத்துத் தருகிறது. எங்கே, எப்படி என்று கேட்க, தர்மபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டியிலேயே வேளாண் அறிவியல் நிலையம் உண்டு.

இலை பறிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒட்டுக் கட்டிய முடிச்சுக்கு மேலே உள்ள தளிரிலிருந்துதான் எடுக்க வேண்டும். முடிச்சுக்குக் கீழே அடிமரத்திலிருந்து துளிர்த்த இலையைப் பறித்து அனுப்பினால், வரும் ரிப்போர்ட் வேர்ச்செடியுடையதாக இருக்கும். நர்சரிக்காரர் மேல் அநியாயமாகச் சந்தேகம் விழும்.